அந்தரத்தில் ஒரு கால்

தாமோதரனுக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்று டாக்டர் பிரபா சொன்னபோது, சந்தோஷப்பட வேண்டிய மனிதர் கோபப்பட்டார். பின்னே? மூன்று வருஷமாகச் சர்க்கரை போடாத டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறார். அக்கா பேத்தியின் மஞ்சள் நீராட்டு விழாவில் இலையில் விழுந்த ஜாங்கிரியைப் பக்கத்து இலைக்குத் தள்ளியிருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி அதிரசத்தை மோந்து பார்த்ததோடு சரி. எல்லாம் எதற்காக? இடது கணுக்காலின் உள்பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புண் வந்து ஆறாமல் உட்கார்ந்துவிட்டது. ஆறாத புண் என்றால் சர்க்கரைதான் என்று மாகறல் முழுக்கத் தீர்ப்பு எழுதிவிட்டது. ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது, ஆனால் சோதித்தால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து விட்டுவிட்டார்.

“அப்ப இது இன்னா புண்ணு டாக்டர்?”

டாக்டர் அவருடைய பாதத்தில் ஒரு சின்னக் கருவியை வைத்தார். அது உஷ் உஷ் என்று சத்தம் போட்டது. “கீழ வர்ற ரத்தம் நல்லா வருது. திரும்பி மேல போறதுலதான் தகராறு. வெரிகோஸ்” என்று சொல்லிவிட்டு, அடுத்த சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டே, “சிஸ்டர், கட்டு போடற ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

சிஸ்டரைப் பார்த்ததும் தாமோதரனுக்கு முகம் மலர்ந்தது. ஜெனிஃபர். மாகறல் காலனி தானியேலின் மகள். ஸ்கூல் பையோடு தினமும் இவர் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த பெண். “உள்ள ஏறு பாப்பா, உள்ள ஏறு” என்று இவர் தொண்டை கிழியக் கத்திய பெண். இப்போது வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு இவரை உள்ளே ஏறச் சொன்னாள், உயரமான நாற்காலியில்.

“அண்ணா, கிணத்து மோட்டாருல ஃபுட் வால்வு போய்ட்டா இன்னா ஆவும்?”

“ஏத்துன தண்ணி திரும்பக் கீழ எறங்கிடும்.”

“உங்க கால்ல அதான் ஆயிருக்கு. நரம்புக்குள்ள கீற வால்வு போய்டுச்சி. மேல போன ரத்தம் திரும்ப எறங்கி, கணுக்கால்லயே தேங்கி நிக்குது. தோலு ஊறிப் போய் புண்ணு வந்திருக்கு. நடந்தா கெண்டைக்கால் சதை மோட்டார் மாதிரி ரத்தத்தை மேல தள்ளும். நின்னுகினே இருந்தா மோட்டார் ஆஃப். எத்தினி வருஷமா கண்டக்டரா கீறீங்க?”

“இருவத்தாறு.”

“இருவத்தாறு வருஷமா மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு நின்னுகினு கீறீங்க.”

இதைக் கேட்டு அவருக்கு ஒரு பக்கம் வருத்தம், இன்னொரு பக்கம் பெருமை. ஏனென்றால் அவருடைய பெயரே ‘நிக்கிற கண்டக்டர்’. மானாம்பதியில் எடுத்தால் உத்திரமேரூர், மாகறல் வழியாகக் காஞ்சிபுரம் போய்ச் சேரும்வரை பின்படிக்கட்டுப் பக்கம் கம்பியில் முதுகைச் சாய்த்து நிற்பார். கண்டக்டர் சீட்டில் யாராவது பிள்ளைத்தாய்ச்சியோ வயசானவரோ உட்கார்ந்திருப்பார்கள். வண்டி ஓடும்போது அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் கிடையாது.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து. ஆறாத புண்ணில் நீர் வடியும். நீர் வடிந்தால் வாடை வரும். எவ்வளவு துணியைச் சுற்றினாலும், எவ்வளவு பவுடரைக் கொட்டினாலும் வரும். பஸ் நிரம்பி வழிகிற காலை நேரத்தில் பின்படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டு மட்டும் காலியாக வருவதை அவர் ஆறு மாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழை இலைக் கட்டோடு ஏறுகிற எல்லம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு முன்னால் போனாள். அன்றைக்கு அவருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. யாரோ முதலாளி காதில் போட்டுவிட்டார்கள். வண்டி முதலாளி வேதாசலம் கெட்டவர் இல்லை, சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

“பொங்கல் வரைக்கும் பாக்கறேன் தாமோதரா. ஆறலைன்னா வண்டிய வுட்டு எறங்கி ஷெட்டுல உக்காந்து டைம் எழுது. சம்பளம் அதேதான். வண்டி மட்டும் வேணாம்.”

அதைக் கேட்டுத்தான் அவர் ஆஸ்பத்திரிப் படியேறினார். ஆவணி முடிகிற நேரம். பொங்கலுக்கு நாலு மாசம் இருந்தது.

ஜெனிஃபர் புண்ணைக் கழுவினாள். அதன்மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, பேனாவால் ஓரத்தைச் சுற்றி வரைந்து தேதி போட்டாள். பார்ப்பதற்கு ஊர் ஏரியின் படம் மாதிரியே இருந்தது, மதகு உள்பட. பிறகு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பச்சைத் துணியை விரித்து, “காலை இங்க வைங்க” என்றாள். முதலில் பஞ்சு, அதன்மேல் துணி, அதன்மேல் இழுத்துக் கட்டுகிற எலாஸ்டிக் கட்டு, கடைசியில் ஒட்டிக்கொள்கிற ஒன்று. விரல் அடியில் ஆரம்பித்து முழங்காலுக்குக் கீழே வரை.

“இந்த இறுக்கம்தான் மருந்து. ஒரு வாரம் அவுக்கக் கூடாது. நனையக் கூடாது. விரல் மரத்துப் போச்சுன்னா மட்டும் ஒடனே வாங்க. ஒரே எடத்துல நிக்காதீங்க, நடங்க, இல்லாட்டி உக்காருங்க. படுக்கசொல்ல காலை நெஞ்சுக்கு மேல தூக்கி வெச்சிப் படுங்க. புரிஞ்சிதா?”

“புரிஞ்சிது சிஸ்டர்.” பஸ்ஸில் பாப்பா, ஆஸ்பத்திரியில் சிஸ்டர். மரியாதை தெரிந்த மனிதர். அந்த மரியாதையில்தான் வினையே இருந்தது, ஆனால் அது அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒரு வாரம் போனது. இரண்டு, மூன்று, நாலு வாரம் போனது. நாலு கண்ணாடித் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள் ஜெனிஃபர். ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் குறையவில்லை. ஒவ்வொரு வாரமும் கட்டு தொளதொளவென்று கணுக்காலில் இறங்கிக் கிடந்தது, ரப்பர் போன காலுறை மாதிரி. அவிழ்த்துக் கட்டினீர்களா என்று கேட்டாள். ஊர் மாரியம்மன்மேல் சத்தியம் பண்ணினார். நடந்தீர்களா? நடந்தாராம். உட்கார்ந்தீர்களா? டிரைவர் ஐசக் திட்டித் திட்டி, கண்டக்டர் சீட்டில் உட்கார வைத்துவிட்டானாம். ராத்திரி காலைத் தூக்கி வைத்தீர்களா?

“வெச்சேன்” என்றார் தாமோதரன். குரல் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது.

ஐந்தாம் வாரம் அவர் மனைவி தமிழ்ச்செல்வி கூடவே வந்துவிட்டாள். புருஷன்மேல் அவளுக்கு நம்பிக்கை உண்டு, அவர் பேச்சின்மேல்தான் கிடையாது.

“காலைத் தூக்கி வெச்சிப் படுக்கறாரா அக்கா?”

“எங்க வெக்கறாரு! கெழக்கால சாமி படம் கீதாம், அங்க காலு நீட்டக் கூடாதாம். வடக்கால செவுத்துல அவுங்க அப்பா போட்டோ கீதாம். தெக்கால நீட்டணும்னா வடக்கால தலை வெக்கணும், அது ஆவாதாம். மேக்கால வாசலு, எதுத்தாப்ல மாரியாத்தா கோயிலாம். நாலு தெசையும் முடிஞ்சிச்சி. இனிமே மோட்டுவளையிலதான் காலை கட்டித் தொங்கவுடணும்.”

ஜெனிஃபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏண்ணா, சும்மா படுத்தாலும் காலு ஏதாவது ஒரு பக்கம் நீட்டிகினுதான கீது?”

“சும்மா படுக்கறது வேறம்மா” என்றார் தாமோதரன் பரிதாபமாக. “தலகாணி போட்டு தூக்கிக் காட்டறது வேற.”

“கேட்டுக்கோ” என்றாள் தமிழ்ச்செல்வி. “இந்தப் பேஜாரைத்தான் நான் முப்பது வருஷமா கட்டிகினு அழுவறேன்.”

சிரித்துக்கொண்டே ஜெனிஃபர் கட்டுப் போட உட்கார்ந்தாள். பஞ்சைச் சுற்றினாள். எலாஸ்டிக் கட்டை எடுத்து இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றியவள் சட்டென்று நிறுத்தினாள். தன் மடியைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. இரண்டு கையாலும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். தொடை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

அவர் கால் அவள் மடியில் இல்லை. மடிக்கு ஓர் அங்குலம் மேலே, அந்தரத்தில் நின்றது.

“அண்ணா, அஞ்சு வாரமா இப்பிடித்தான் வெச்சிகினு கீறீங்களா?”

அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஜெனிஃபரின் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

“என் மேல படக் கூடாதுன்னா சொல்லிடுங்க. வேற சிஸ்டரை வரச் சொல்றேன். எனக்கு ஒண்ணும் இது புதுசு இல்ல.”

தாமோதரனுக்கு முதலில் புரியவில்லை. தமிழ்ச்செல்விக்குப் புரிந்துவிட்டது, அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அவருக்கும் உறைத்தது. இந்தப் பெண்ணின் அப்பா தானியேல், இவர்கள் நிலத்தில் நாற்று முடி சுமந்தவர். களத்து மேட்டில் கூலிக்கு வந்து நின்றவர். எத்தனை வருஷம்! ஒரு நாளாவது தானியேல் அங்கே உட்கார்ந்து பார்த்ததாக ஞாபகம் வருகிறதா என்று யோசித்தார். வரவில்லை. உட்கார் என்று தான் சொன்னதாகவும் ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

“அய்யய்யோ, அது இல்லம்மா. எங்க ஆத்தா சத்தியமா அது இல்ல. ஒரு பொண்ணு மடியில காலை வெக்கறது பாவம்மா. அதுவும் சீழு புடிச்ச காலு. நீ மகாலட்சுமியாட்டம் கீழ குந்திகினு கழுவற, நான் மேல குந்திகினு காலை நீட்டறேன். மனசு ஒப்பலம்மா.”

ஜெனிஃபர் அவர் கண்ணையே பார்த்தாள். பொய் சொன்னால் குரல் இறங்கிவிடும் மனிதர். குரல் இறங்கவில்லை.

“நான் மகாலட்சுமி இல்லணா. ஜெனிஃபர். ஸ்டாஃப் நர்ஸு” என்றாள். முகத்தில் பழைய வெளிச்சம் திரும்பியிருந்தது. “இப்ப கேளுங்க. நீங்க காலை அந்தரத்துல தூக்கிப் புடிக்கசொல்ல சதை கல்லாட்டம் ஆயிடுது. நான் அது மேல இறுக்கிக் கட்டறேன். நீங்க எறங்கி நாலு அடி வெச்சதும் சதை தளந்துடுது, கட்டு லூஸாயிடுது. லூஸான கட்டும் ஒண்ணுதான், கட்டாததும் ஒண்ணுதான். உங்க மரியாதைதான் இத்தினி நாளா புண்ண ஆறவுடாம காவல் காத்துகினு கீது.”

“வெய்யா காலை!” என்றாள் தமிழ்ச்செல்வி. ஆஸ்பத்திரி வராண்டா திரும்பிப் பார்த்தது.

தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டு காலை இறக்கினார். பச்சைத் துணியின்மேல் கால் முழுப் பாரத்தோடு உட்கார்ந்தது. இறக்கின கையோடு, கால் பட்ட தோஷத்துக்காகக் குனிந்து, அவள் தோளைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யார்மேல் கால் பட்டாலும் நாம் எல்லோரும் செய்வதுதான். பாதி சுற்றிய கட்டு அவிழ்ந்து தரையில் உருண்டு ஓடியது.

“தொட்டுக் கும்புடறதும் கூடாது!” ஜெனிஃபர் கட்டைத் துரத்திப் பிடித்தாள். “குனிஞ்சா எல்லாம் கலைஞ்சி போவுது. அதெல்லாம் சேத்து வெச்சிக்கோங்க. புண்ணு ஆறுன அன்னிக்கு மொத்தமா ஒரே வாட்டி கும்புட்டுக்கலாம்.”

“மொத்தமா பண்ணா செல்லுமா?”

“செல்லும். நான் சொல்றேன்.”

அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால், வடக்குச் சுவர் காலியாக இருந்தது. அதன் கீழே பாய், பாயின் கால்மாட்டில் மூன்று தலையணை.

“அப்பா எங்கடி?”

“சமையக்கட்டுல கீறாரு. உசுரோட இருக்கசொல்லவே நாஷ்டா ஆச்சா, நாஷ்டா ஆச்சான்னு அங்கதான சுத்திகினு இருந்தாரு. அவருக்கு எந்தச் செவுத்துலயும் ஆணி அடிக்கலாம். உனக்கு வேற காலு எங்க போய் வாங்கறது? படு.”

படுத்தார். கால் மேலே, தலை கீழே. மூன்று வருஷமாகக் காலுக்குள் இடித்துக்கொண்டிருந்த வலி கொஞ்சம் கொஞ்சமாக வடிவது தெரிந்தது. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற சுகத்தை ஓர் ஆணிக்குப் பயந்து விட்டிருந்தோமே என்று நினைத்து அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

ஆறாம் வாரம் கட்டு இறங்கவில்லை. ஏழாம் வாரம் ஏரியின் மதகைக் காணோம். ஜெனிஃபர் தாளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது கட்டுப் போட வந்திருந்த மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். தீபாவளிக்கு அவர் ஆஸ்பத்திரிக்கு அதிரசம் கொண்டுபோனார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த நாலையும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், மூன்று வருஷப் பகையைத் தீர்த்துக்கொள்கிற வேகத்தில் தின்றார். “சர்க்கரை இல்லைன்னுதான் சொன்னேன், வரவே வராதுன்னு சொல்லல” என்றார் அந்தப் பக்கம் வந்த டாக்டர் பிரபா.

பஸ்ஸில் வேறு கூத்து. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கிற முப்பது நிமிஷமும் கடைசி நீள சீட்டில் மல்லாந்து படுத்து, ஜன்னல் கம்பியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் கூச்சத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. எல்லம்மாள் வாழை இலைக் கட்டைக் கீழே வைத்து, “கண்டக்டரே, இன்னும் கொஞ்சம் மேல தூக்கு, அந்தப் பொண்ணு நெஞ்சுக்கு மேலன்னு சொல்லிச்சாமே” என்றாள். அவர் வண்டி ஓடும்போது தப்பித் தவறி நின்றுவிட்டால் ஐசக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஹாரன் அடிப்பான். உடனே பஸ் மொத்தமும் “உக்காருய்யா!” என்று கத்தும். கார்த்திகை மழையில் கட்டு நனையாமல் இருக்க யாரோ உரச் சாக்கை வெட்டிக் காலுக்கு உறை தைத்துக் கொடுத்தார்கள். மார்கழியில் ஒருநாள், எல்லம்மாள் அவர் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, உத்திரமேரூர் வரும்வரை மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். மூக்கை மூடவில்லை. தாமோதரன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஜெனிஃபர் கட்டைப் பிரித்து, கண்ணாடித் தாளை எடுத்து, பேனாவின் மூடியைத் திறந்து, வரைவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்ப மூடினாள். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்.

“ஆறிடுச்சிணா.”

அவர் அசையாமல் அதையே பார்த்தார்.

“ஆனா வால்வு வால்வுதான். இனிமே காலையில படுக்கையை வுட்டு எழுந்துக்கறதுக்கு முன்னாடியே இறுக்கமான காலுறை போட்டுக்கணும். டாக்டர் எழுதிக் குடுக்கற எடத்துக்குப் போயி நரம்புக்கு லேசர் பண்ணிக்கணும். நின்னீங்கன்னா திரும்ப வரும்.”

“சரிம்மா. இப்ப அந்த மொத்தக் கும்புடு...” என்று அவர் எழுவதற்குள், நாய்க்கடி என்று ஒரு குடும்பமே ஓடிவந்தது. ஜெனிஃபர் போய்விட்டாள். சேர்த்து வைத்த கும்பிடை அப்படியே வைத்துக்கொண்டு தாமோதரன் வீட்டுக்கு வந்தார்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், காலை வண்டியில் உத்திரமேரூரில் வேதாசலம் ஏறினார். நேராகப் பின்படிக்கட்டுப் பக்கம் வந்து, ஆறு மாசம் காலியாக வந்துகொண்டிருந்த அந்த சீட்டில் உட்கார்ந்தார். தாமோதரனுக்கு இது பரீட்சை என்று தெரிந்தது. முதலாளி மூக்கைச் சுருக்குகிறாரா, இழுக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே டிக்கெட் போட்டார். அரைமணி நேரத்தில் முதலாளி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார்.

மாகறல் நிறுத்தத்தில் ஜெனிஃபர் ஏறினாள், கையைப் பிடித்து அவள் அப்பாவை ஏற்றிக்கொண்டு. தானியேலுக்குக் கண்ணில் புரை, காஞ்சிபுரத்தில் காட்டப் போகிறார்களாம். பஸ்ஸில் இடமில்லை. தாமோதரன் கண்டக்டர் சீட்டை விட்டு எழுந்தார். பையைத் தோளில் தள்ளிவிட்டு, ஜெனிஃபரின் இரண்டு கையையும் பிடித்து, குனிந்து தன் இரண்டு கண்ணிலும் வைத்துக்கொண்டார். வைத்த கையை எடுக்கவில்லை. பதினேழு வாரத்துக்கும் சேர்த்தல்லவா? பஸ் மூச்சுவிடாமல் பார்த்தது. வேதாசலம் விழித்துக்கொண்டார்.

“அண்ணா, போதும்ணா” என்றாள் ஜெனிஃபர். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. “நிக்காதீங்கன்னு சொன்னேன்ல? உக்காருங்க மொதல்ல.”

உட்கார்ந்தார். இரண்டு பேர் உட்காருகிற சீட்டு அது. ஜன்னல் பக்கம் நகர்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினார்.

“வாங்க தானியேலண்ணா.”

வாழ்நாளில் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டார். தானியேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். “பரவால்லபா, நான் நின்னுகினே வரேன். எனக்குப் பழக்கம்தான்.”

“எனக்கும் பழக்கம்தான் இருந்துச்சி” என்றார் தாமோதரன். “நின்னா இன்னா ஆவும்னு உங்க பொண்ணைக் கேளுங்க. உக்காருங்கண்ணா.”

தானியேல் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். மெல்ல உட்கார்ந்தார், முதலில் சீட்டின் விளிம்பில், பிறகு வண்டி குலுங்கியதில் நன்றாகவே. எதிரே சக்கரத்துக்கு மேலே இருந்த மேட்டில் தாமோதரன் இடது காலைத் தூக்கி நீட்டிக்கொண்டார். அது நேராக முதலாளியின் பக்கம் பார்த்தபடி இருந்தது. வேதாசலம் அந்தக் காலை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் தோள் துண்டை எடுத்து, நாலாக மடித்து, அதன் கீழே செருகினார்.

“ஷெட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

தாமோதரன் விசிலை எடுத்து ஊதினார். “ரைட், போலாம்!”